மலைக்குத் தண்ணீர் கொண்டுபோனவர்

என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. இருபது வருடமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. காட்டிலிருக்கும் போராளிகளை அடக்க மலை உச்சியில் ராணுவ முகாம் போட்டபிறகு தினமும் அங்கேயும் ஒரு நடை போய்வந்தார். மேலே நாற்பது சிப்பாய்கள், நாலு பீரங்கி. சொட்டுத் தண்ணீர் கிடையாது.

ஒருநாள் காலை லாரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாளாம்.

“அண்ணே, நாளையிலருந்து மலைக்குப் போகாதீங்க.”

அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் இவர் போகவில்லை. முகாம் அதிகாரி போனில் பிடித்துக்கொண்டார்.

“யாருய்யா மிரட்டினது? எத்தனை பேரு?”

“ஒரு தங்கச்சி சார். மரியாதையாத்தான் சொல்லிச்சு.”

“முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு கவச வண்டி அனுப்பறேன். போதுமா?”

“வேணாம் சார். தனியாப் போனப்ப என்னை யாரும் கண்டுக்கல.”

இவருக்கு இவ்வளவு பேச வருமென்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

ராணுவம் தன் லாரியையே கவச வண்டிகளோடு அனுப்பியது. இரண்டாவது வளைவில் கண்ணிவெடி. லாரி கவிழ்ந்து பாதை அடைபட்டது. ஓட்டியவருக்குக் கால் போயிற்று. அடுத்த நாள் ஹெலிகாப்டரிலிருந்து போட்ட கேன்கள் பாறையில் விழுந்து உடைந்தன. மலையை விடக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. உட்கார்ந்த இடத்தில் உத்தரவு போடுகிறவர்களுக்கு நாக்கா வறளும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவருக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் லாரியை நிரப்பினார்.

“மேல போகாதன்னுதானே சொன்னாங்க. அடிவாரத்துல நிக்கிறேன்.”

“உங்களையும் சேத்துச் சுடப்போறாங்க” என்றேன். கேட்கவில்லை. தனியாக விட மனமில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன்.

அடிவாரத்தில் நிறுத்தி ஹாரனை அடித்தார். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு சிப்பாய்கள் தள்ளாடி இறங்கினார்கள். பிறகு பத்துப் பத்துப் பேராக மற்றவர்களும். யாரும் சுடவில்லை. கடைசியாக அதிகாரி வந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. என் தம்பி வயதுதான் இருக்கும்.

“நாலு பீரங்கியும் மேலயே கிடக்குய்யா. ஒரு குண்டுகூடச் சுடல. யாரைன்னு சுடறது?”

இவர் குழாயைத் திறந்துவிட்டார்.

“அது கிடக்கட்டும் சார். அதுங்களுக்குத் தாகம் எடுக்காது. நீங்க குடிங்க.”