நரேந்திராவின் வண்டி திரும்பி நின்ற நாள்

தென்கடல் தீவு நாட்டு ஊரான நவுசோரியில் அந்த இரண்டாயிரமாம் ஆண்டில் நரேந்திராவின் கேரியர் எந்த வீட்டு வாசலுக்குள் பின்பக்கமாகப் போய், மூக்கைத் தெருப் பக்கம் வைத்து நிற்கிறதோ, அந்த வீடு காலி என்று தெரு முடிவு கட்டிவிடும். கேரியர் என்றால் மேலே தார்ப்பாய் போட்ட சின்ன லாரி. மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காயும் தாலோக் கிழங்கும் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி அது. மே மாதம் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமென்டுக்குள் புகுந்து இந்திய வம்சாவளிப் பிரதமரோடு அரசாங்கத்தையே பிடித்து வைத்த பிறகு, பெட்டிகளையும் அழுகிற மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு நாந்தி விமான நிலையத்துக்குப் போய்வர ஆரம்பித்தது. போகும்போது நிறைந்து போகும். வரும்போது நரேந்திரா மட்டும் வருவான்.

அவனுக்கு இதில் ஒரு வீம்பு. தன் வீட்டில் மட்டும் வண்டியை மூக்கு உள்ளே இருக்கும்படிதான் விடுவான். ஆட்களை அனுப்பி வைப்பதுதான் தன் வேலை, போவது இல்லை என்பான். அவன் ஆஜா, அதாவது தாத்தா, கிர்மிட் என்கிற கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர். வந்த இடத்தில் மூன்று தலைமுறை உட்கார்ந்தாயிற்று, இன்னொரு தரம் மூட்டை கட்ட முடியாது என்பது அவன் கட்சி.

அவன் மனைவி ரஞ்சீதாவுக்குப் போயே ஆக வேண்டும். அவள் மேடை போட்டுப் பேசுகிறவள் இல்லை. ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் நாலு பேர் இவர்கள் வீட்டின் மேல் கல்லெறிந்துவிட்டுப் போனார்கள். கண்ணாடி உடைந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அவர்கள் மகள் க்ருதிகா, ஏழு வயசு, ஸ்கூல் ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டுதான் படுக்கப் போகிறாள். ஓட வேண்டி வந்தால் தேட வேண்டாமே என்கிறாள். தூங்கின பிறகு கழற்றினால் காலையில் மறுபடி மாட்டிக்கொண்டு கிடக்கிறாள். ரஞ்சீதாவுக்கு இதற்கு மேல் காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மெயின் ரோட்டில் ஒரு வியாபாரக் கம்பெனியில் அவள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். முதலாளி கடையை அடைத்துவிட்டு சிட்னி போய்விட்டார். தலைநகர் சுவாவில் அவளோடு படித்த சதேந்திரா இப்போது ஆக்லாந்தில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தான். அவன்தான் ஈமெயிலில் வழி சொன்னான். மூல நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்து விட்டிருக்கும் ஓர் இயங்குதளம் உண்டு. அதில்தான் அவர்கள் கம்பெனிக் கம்ப்யூட்டர்களெல்லாம் ஓடின. ஆனால் கம்பைலரின் புதிய பதிப்பு அதில் ஓட மறுத்தது. கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்தில் மாற்றித் தருகிற நிரல். அது இல்லாவிட்டால் மற்ற எதையும் உருவாக்க முடியாது. அதை ஓட வைத்துக் காட்டுகிறவருக்கு வேலைக்கான கடிதம் என்று அவன் முதலாளி சொன்னார். அந்தக் கடிதம் இருந்தால் குடும்பத்தோடு விசா. இல்லாவிட்டால் இவர்கள் படிப்புக்கும் வயசுக்கும் நியூசிலாந்துக் கதவு திறக்காது.

வீட்டைக் காலி செய்த வாத்தியார் ராமச்சந்திரன் புல்தரையில் பரப்பி விற்ற சாமான்களோடு ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருந்தது. அதை நரேந்திராவின் வண்டியிலேயே கொண்டுவந்து, தையல் மெஷினை நகர்த்திவிட்டு ஜன்னலோரம் வைத்து உட்கார்ந்தாள்.

முதல் மூன்று வாரம் தப்புகளெல்லாம் நேர்மையான தப்புகள். இந்தக் கோப்பு இல்லை, அந்தக் குறியீடு தெரியாது என்று மெஷின் சொல்லும். அவள் தேடித் திருத்துவாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பைலர் உருவாகி வந்தது. அதன் பிறகு பிடித்தது சனியன். கம்பைலரின் கட்டுமானம் பாதியில் இருக்கும்போது பதினொன்றாம் எண் சிக்னல் என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு எல்லாம் செத்துப்போகும். மறுபடி ஓட்டினால் அதே இடத்தில் சாகாது, வேறெங்கோ சாகும். நேற்று தாண்டிப் போன இடத்தில் இன்று விழும். தான் எழுதின திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள், திரும்ப எழுதினாள், வெட்கத்தைவிட்டு மாரியம்மனிடம்கூடக் கேட்டாள். இந்தப் படிப்பெல்லாம் தனக்கு எட்டாத படிப்பு, சும்மா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கே தோன்றிவிட்டது. அடுப்பில் பருப்பு தீய்ந்தது. நரேந்திரா தீய்ந்ததையே சாப்பிட்டு எழுந்தான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, போஸ்டாபீஸ் பக்கத்து இன்டர்நெட் கடையில் சதேந்திராவின் பதிலைப் படித்தாள். இரண்டு விஷயம் எழுதியிருந்தான். ஒன்று, வெவ்வேறு இடத்தில் செத்தால் தப்பு நிரலில் இல்லை, மெமரியில். இரண்டு, வேறொருவர் கிடைத்திருக்கிறார், திங்கட்கிழமை அவரோடு கையெழுத்து ஆகிவிடும். வெள்ளி மத்தியானத்துக்குள் அவள் திருத்தங்களும் அவை ஓடியதற்கான பதிவும் வந்து சேர்ந்தால், தன்னால் முதலாளியோடு சண்டை போட முடியும்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். மெமரித் துண்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினாள், செத்தது. அதை மாட்டி மற்றதைக் கழற்றினாள், சாகவில்லை. ஒரு மாதமாகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டதெல்லாம் இரண்டு விரல் அகலம்கூட இல்லாத இந்தத் துண்டுக்காக. கெட்டதைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அழுதாள். புதிது வாங்கலாமென்றால் சுவாவில் அதை விற்கும் கடையைச் சூறையாடியதில் சுவர் மட்டும்தான் மிச்சம்.

பாதி மெமரியில் மெஷின் நத்தையாக ஊர்ந்தது. முழுக் கட்டுமானத்துக்குப் பதினோரு மணி நேரம் என்று கணக்குப் போட்டாள். கரன்டோ, அது உற்பத்தியாகும் மலைமேல் அணைக்கட்டைக் கலகக்காரர்கள் பிடித்துக்கொண்டதிலிருந்து, வந்தால் நாலு மணி நேரம், போனால் போனதுதான். புதன்கிழமை ஓட்டிப் பார்த்தாள். நடுவில் கரன்டு போய் டிஸ்க்கில் பாதி எழுதின கோப்புகள் நாசமாயின. எது நல்லது எது கெட்டது என்று பிரிக்க முடியாது. முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் நரேந்திரா கேட்டான், இன்னும் எவ்வளவு பாக்கி என்று. அவள் விளக்கினாள். பழைய கம்பைலரை வைத்துப் புதியதைக் கட்ட வேண்டும். அந்தப் புதியதை வைத்து அதையே மறுபடி கட்ட வேண்டும். அதை வைத்து மூன்றாவது தரமும். இரண்டாவதும் மூன்றாவதும் அச்சுப் பிசகாமல் ஒன்றாயிருந்தால்தான் நம்பலாம்.

"மூணாவது ரெண்டாவது மாதிரியே இருக்கணுமா? நம்ம வூட்டுல மூணாவது தலமுற அப்பிடி இல்லியே" என்றான் நரேந்திரா.

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தான். பிறகு எழுந்து போய், கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் கட்டும் அப்பல்சாமியிடமிருந்து, வண்டி பாட்டரியிலிருந்து வீட்டுக் கரன்டு எடுக்கும் இன்வர்ட்டரை வாங்கி வந்தான். கல்யாணமே இல்லாத வருஷம், அது சும்மாதான் கிடந்தது. வியாழக்கிழமை நாந்திக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப்போக வாக்குக் கொடுத்திருந்தான். அந்தச் சவாரியை வேறொரு வண்டிக்காரனுக்கு விட்டுக் கொடுத்தான். ஏன் இதெல்லாம் செய்கிறான் என்று ரஞ்சீதா கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவானோ என்று பயம்.

வியாழன் காலை ஆறு மணிக்குத்தான் ஒரு சங்கடம் தெரிந்தது. வண்டியின் பாட்டரி இடது பக்கம். மூக்கு உள்ளே விட்டால் அது பக்கத்து வேலியைப் பார்க்கும், ஒயர் ஜன்னலுக்கு எட்டாது. எட்ட வேண்டுமானால் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக விட வேண்டும். நரேந்திரா வாசலில் நின்று ஒரு பீடி முடியுமட்டும் யோசித்தான். பிறகு ஏறி உட்கார்ந்து, ஊர் வாசல்களிலெல்லாம் செய்கிற அதே காரியத்தைத் தன் வாசலிலும் செய்தான்.

பாட்டரி இறங்காமலிருக்க என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ரஞ்சீதா திரையை அணைத்துவைத்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. டிஸ்க் கரகரவென்று அரைக்கும் சத்தம் மட்டும். சத்தம் நின்றால் செத்தது என்று அர்த்தம். அது மூச்சு வாங்கும்போதெல்லாம் இவளுக்கு மூச்சு நின்றது. மணிக்கு ஒரு தரம் திரையைப் போட்டுப் பார்ப்பாள், உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததும் அணைத்துவிடுவாள்.

ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு சுஷீலா வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லாமலே கிளம்புகிறீர்களே என்று அழுதாள். பாட்டரிக்காகத்தான் என்று நரேந்திரா விளக்கினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் முதலில் ஏதாவது இப்படித்தான் சொல்கிறார்கள் என்றாள். பத்தரைக்கு ஒருவன் ஃப்ரிட்ஜ் என்ன விலை என்று கேட்டான். பதினொன்றுக்கு ஒருவன் கட்டிலை அளக்க டேப்போடு வந்தான். மத்தியானம் கமலேஷ் என்கிற பக்கத்துத் தெருக்காரன் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, வண்டியையே கேட்டான்.

அதோடு நரேந்திராவுக்குப் பொறுமை போயிற்று. என்ஜின் உறுமலில் வித்தியாசம் கேட்டு ரஞ்சீதா ஓடி வந்தாள். அவன் கை கியரில் இருந்தது. அந்த வீட்டில் பேச்செல்லாம் ஊர் இந்திதான். தமிழ் கோவிலுக்கும் கோபத்துக்கும் மட்டும்.

"நான் வண்டிய திருப்பப் போறேன்" என்றான் தமிழில்.

"திருப்பினா ஒயரு புடுங்கிக்கும். ஆறு மணி நேரம் போயிடும். நாளைக்கு நேரமில்ல."

"போவட்டும். ஊரே என்னைச் செத்தவனப் பாக்குற மாதிரி பாத்துக்கினு இருக்கு."

ரஞ்சீதா வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். கத்தவில்லை.

"உங்க பொண்ணு ராத்திரியும் ஷூவப் போட்டுக்கினுதான் தூங்கினா. அத எந்த ஊரு வந்து பாத்திச்சி?"

அவன் அவளைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்தான். கை கியரிலிருந்து இறங்கியது. கமலேஷ் எப்போது போனான் என்று இருவருக்கும் தெரியாது. டீசல் முள் கீழே வந்திருந்ததைப் பார்த்து, என்ஜினை ஓடவிட்டபடியே நரேந்திரா கேனைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தான். வெயிலில் இரண்டு தரம் போய் வந்தான். கேட்டுக்கு வந்தவர்களுக்கு அதன் பிறகு அவன் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஐந்து மணி சுமாருக்கு டிஸ்க் சத்தம் நின்றது. ரஞ்சீதாவுக்குத் திரையைப் போட விரல் வரவில்லை. போட்டாள். மூன்றாவது கட்டுமானம் முடிந்திருந்தது. இனி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பாக்கி. கட்டளையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட அத்தனையும் பாழ். கண்ணைத் திறந்தபோது வித்தியாசம் ஒன்றும் காட்டாமல் வெறும் வரி நின்றது. மறுபடி ஓட்டினாள். அப்போதும் வெறும் வரி. திருத்தங்களையும் பதிவையும் ஃப்ளாப்பியில் எடுத்தாள், அவற்றின் நகலை இன்னொன்றில் எடுத்தாள், இரண்டையும் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நரேந்திரா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. ரெண்டும் ஒண்ணா இருக்கு. நிறுத்திடுங்க."

அவன் சாவியைத் தொட்டான், திருகவில்லை.

"காலையிலேர்ந்து ஓட்டிக்கினு இருக்கேன். ஒரு அடி நவுரல" என்றான். "ஆனா நாந்தி வந்திடிச்சி."

பிறகு திருகினான். அந்த நிசப்தத்தில் எதிர்வீட்டுக் குக்கர் சத்தம் கேட்டது.

வெள்ளி காலை ரஞ்சீதா இன்டர்நெட் கடைக்குப் பஸ்ஸில் போய் எல்லாவற்றையும் அனுப்பினாள். திங்கட்கிழமை சதேந்திரா ஒரே வரியில் எழுதியிருந்தான், கடிதம் தபாலில் வருகிறது என்று. அவள் அந்தக் கடையிலேயே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கடைக்காரர் கெட்ட செய்தி என்று நினைத்து அரை மணிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

விசா வர ஜனவரி ஆயிற்று. அதுவரை நரேந்திரா தினமும் சவாரிக்குப் போய் வந்தான். சாயங்காலம் வந்ததும், யாரும் கேட்காமலே, வண்டியைப் பின்பக்கமாக விட்டு நிறுத்தினான். ஒயர் இல்லை, இன்வர்ட்டர் இல்லை, ஒன்றும் இல்லை. ரஞ்சீதா ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். நன்றி என்று சொல்ல வாய் வராது, மன்னிப்புக் கேட்கவும் வராது. க்ருதிகா நவம்பரில் ஒரு நாள் ஷூ இல்லாமல் தூங்கினாள், மறுநாள் மறுபடி மாட்டிக்கொண்டாள்.

வண்டியைக் கடைசியில் கமலேஷே வாங்கினான். எடுத்துக்கொண்டு போக அவன் வந்த அன்று, இடம் குறுகலாயிற்றே, புது ஆள் வேலியில் இடித்துவிடுவானே என்று நரேந்திரா கேட்டருகே போய் நின்று, வழிகாட்டக் கையை உயர்த்தினான். கமலேஷ் சாவியைப் போட்டான், நேராக ஓட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மூக்கு வெளியே பார்த்து நின்ற வண்டிக்குத் திருப்புகிற வேலையே இருக்கவில்லை. உயர்த்தின கையை என்ன செய்வதென்று தெரியாமல், நரேந்திரா அதைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டான்.