பட்டு நூலில் கூடு கட்டிய முயல்

எங்கள் வீட்டுக்கு முயல் வந்தது சாப்பாட்டுப் பையில். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மகள், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, டிபன் பாக்ஸ் வைக்கிற பையைக் கூடத்தில் திறந்து வைத்தாள். உள்ளிருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்து மூக்கை ஆட்டியது. கூடத் தங்கியிருந்த பெண் வாங்கியதாம். ஹாஸ்டலில் வார்டன் பார்த்துவிட்டாளாம்.

"ரெண்டே வாரம் வெச்சிக்கோம்மா. ஆம்பள முயலுதான், ஒரு தொந்தரவும் இருக்காது."

இரண்டு வாரம் வருஷக்கணக்காக நீண்டது. நடுவில் அவள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். சீர் வரிசையெல்லாம் மறக்காமல் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டவளுக்கு முயலை மட்டும் மறந்துவிட்டது.

என் கணவர் நெசவாளி. முன் அறையில் தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதித்து மிதித்து நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவேன். ஊடைக்குப் போகிற பட்டு நூலைச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றித் தருகிற வேலை அது. இப்படிப்பட்ட வீட்டில் எதைக் கண்டாலும் கடிக்கிற ஒரு பிராணியை வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்று அவர் முதல் நாளே கேட்டார்.

"தறியில இருக்கற பாவு நூலுல வாய வெச்சிதுன்னா அவ்ளோதான். நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்."

தறியைச் சுற்றிப் பலகை வைத்து அடைத்தார். மறுநாளே அது பலகையைத் தாண்டிக் குதித்து, குழி ஓரத்தில் அவர் தொடையை ஒட்டிப் படுத்துக்கொண்டது. பட்டை அது ஒருநாளும் கடிக்கவில்லை. செல்போன் சார்ஜர், என் செருப்பு, காலண்டரில் வாய்க்கு எட்டுகிற மாதங்கள், இவற்றைத்தான் தின்றது. சார்ஜர் போன அன்று அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். சாயங்காலம் பார்த்தால் கொத்தமல்லிக் காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளி அதன் வாயில் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நான் கண்டும் காணாததுபோல் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அருகம்புல் என்றால் அதற்கு உயிர். காஞ்சிபுரத்தில் அத்தனை கோயில் இருப்பதில் அது ஒரு வசதி. தினமும் கோயில் வாசலில் ஒரு கட்டு வாங்குவேன். புல் விற்கிற அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"இன்னாம்மா, டெய்லி புள்ளையாருக்கு அருகம்புல்லு வாங்கிக்கினு போற. எதனா வேண்டுதலா?"

"ஆமாம்மா, பெரிய வேண்டுதல்" என்றேன். அன்று முதல் எனக்குக் கொசுறாக ஒரு கைப்பிடி சேர்த்தே கொடுத்தாள். வீட்டில் இருந்ததுக்கும் தொப்பை இருந்ததால் அதை நான் பெரிய பொய்யாக நினைக்கவில்லை.

வெயில் காலத்தில்தான் கஷ்டம். காஞ்சிபுரத்து வெயிலை மனிதர்களே தாங்குவதில்லை. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஐஸாக்கித் துணியில் சுற்றி வைப்பேன்; அது போய் அதை ஒட்டிப் படுத்துக் காதை நீட்டிக்கொள்ளும். நான் தலையைத் தடவினால் பல்லை மெல்ல நறநறவென்று கடிக்கும். கோபம் என்று நினைத்து முதலில் கையை எடுத்துவிடுவேன். அது சுகம் என்று மகள்தான் போனில் சொன்னாள்.

ஒரு மழைக்காலத்தில் அதன் மார்பில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. சொறிதான் என்று முடிவு கட்டி, மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துத் தடவினேன். என்னை முறைத்துவிட்டு ஓடிப் போனது. அன்றைக்கே தார் சுற்றுகிற இடத்தில் நான் கூடையில் போட்டு வைத்திருந்த அறுந்த பட்டு இழைகளையும் காணோம். இரண்டு நாள் கழித்துத் தறிக்குப் பின்னால் கிடந்த சாக்கை நகர்த்தப் போன கணவர் என்னை மெதுவாகக் கூப்பிட்டார்.

சாக்கின் மடிப்பில் ஒரு கூடு. அரக்கு, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று அந்த மாதம் நெய்த நிறமெல்லாம் அதில் இருந்தது. உள்பக்கம் முழுக்க அதன் மார்பு முடியைப் பிடுங்கி மெத்தையாகப் பரப்பியிருந்தது. ஆம்பள முயலாம்; குட்டி போடப் போகிற முயல்தான் இப்படிக் கூடு கட்டும். குட்டி ஒன்றும் இல்லை, இருக்கவும் வழியில்லை. ஆனாலும் முயல் கூட்டின் வாயில் உட்கார்ந்து எங்களைப் பார்த்து உறுமியது.

"யாரும் கைய வெக்காதீங்க. அதுவா வரட்டும்" என்றார் அவர். யாரும் என்றால் நான் ஒருத்திதான் இருந்தேன். வெளிச்சம் படாமல் பலகையைச் சாய்த்து வைத்தார். சில நாளில் அதுவே கூட்டை மறந்துவிட்டுக் குழி ஓரத்துக்குத் திரும்பி வந்தது. எனக்குத்தான் அந்தக் கூட்டைக் கலைக்க மனம் வரவில்லை. துக்கமாக இருந்தது.

பிறகு சில வருஷம் கழித்து அதன் மூத்திரத்தில் சிவப்புத் தெரிந்தது. பீட்ரூட் கொடுத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். கொடுக்கவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இளம் பெண் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, கர்ப்பப்பையில் கட்டி என்றார்.

"குட்டி போடாத பெண் முயலுக்கு வயசானா இப்படி வர்றது உண்டும்மா. சென்னைக்குக் கொண்டு போனா ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவாங்க. ஆனா இந்த வயசுல மயக்க மருந்து தாங்குமான்னு சொல்ல முடியாது. இப்படியே விட்டா கொஞ்ச மாசம் இருக்கும். நீங்கதான் முடிவு பண்ணணும்."

 வீட்டு வாசலில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே சொன்னார்.

"நீயே சொல்லும்மா. உனக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரியும்தான். மகள் பள்ளிக்கூடம் படிக்கும்போது எனக்கும் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அவரும் டாக்டரும் வராந்தாவில் நின்று பேசி முடித்துவிட்டார்கள். உள்ளே படுத்திருந்தவளை யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஹார்லிக்ஸ் வாங்கி வைத்தார், தார் சுற்ற ஆள் போட்டார், குறை ஒன்றும் சொல்ல முடியாது. சாம்பாரா ரசமா என்று தினமும் கேட்பார். மற்றதைக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் முழுக்க முயலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று அதன் மேல் கோபம் கோபமாக வந்தது. விட்டால் கட்டி வளரும். அறுத்தால் கண் விழிக்காமலே போகலாம். விழித்தாலும் நாய்கள் குரைக்கிற இடத்தில், தெரியாத கூண்டுக்குள், தையலோடு விழிக்கும். எனக்கு வலித்தபோது அம்மா என்று கத்தவாவது வாய் இருந்தது.

"வேணாம். இங்கயே இருக்கட்டும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் சொன்னது கருணையா பயமா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. வலி மாத்திரையைப் பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன். கடிக்க முடியாமல் போனதும் அருகம்புல்லை அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயோரம் விட்டேன். முயலால் தாண்டிக் குதிக்க முடியாததால் அவர் பலகையை எடுத்துவிட்டார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், வெளியே தூறிக்கொண்டிருந்தது. என் மடியில் பழைய துண்டின் மேல் படுத்திருந்தது. அவர் நெய்துகொண்டிருந்தார். அது பின்னங்காலை ஒருமுறை நீட்டியது. பிறகு மூக்கு நின்றுவிட்டது. விழித்திருக்கும் நேரமெல்லாம் ஆடிக்கொண்டே இருந்த மூக்கு.

"போய்ட்ச்சு" என்றேன்.

அவர் குழியை விட்டு ஏறி வந்து, அதன் காது இரண்டையும் சேர்த்துப் பிடித்து நீவினார். மறுநாள் கொடுக்க வேண்டிய சேலை தறியில் இருந்தது. அன்று அவர் மறுபடி தறியில் உட்காரவில்லை.

எங்கள் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எங்கே பார்த்தாலும் சிமெண்ட். புதைக்க ஒரு முழம் மண் கிடையாது. தூறல் நின்றதும் வண்டியில் ஓரிக்கைக்குப் போனோம். பாலாற்றங்கரையில் ஒரு வேப்பமரத்தடியில், நாய் தோண்டாத ஆழத்துக்கு அவர் கடப்பாரையால் வெட்டினார். துண்டோடு வைத்தேன். மண்ணை இருவரும் கையாலேயே தள்ளினோம். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கிளம்பலாம் என்று அவர் சொல்லவில்லை. கையைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். 

"உனக்கு அப்ப ரொம்ப வலிச்சுதா?" என்றார்.

எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"ஆமா" என்றேன்.

"சொல்லு."

என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.