நாற்பத்தைந்து எலுமிச்சம்பழம்

மயிலாப்பூர் குளத்துப் பக்கம் இருக்கிற எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு நான் வைத்தது. தகரக் கூரை நான் போட்டது. வேப்பமரத்தடிப் பிள்ளையார் நான் கொண்டுவந்து உட்கார வைத்தவர். ரிக்‌ஷா மிதித்த இந்தக் காலால்தான் ஆட்டோவுக்குச் சொந்தக்காரன் ஆனேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஸ்டாண்டு போர்டில் பெயிண்டர் விட்ட எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்ததும் நான்தான். இதையெல்லாம் வேறு யாரும் எழுத மாட்டார்கள், அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் ஸ்டாண்டில் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். ஆற்றோரம் இருந்த அவன் வீட்டை அதற்கு முன்பே இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே மாற்றியிருந்தார்கள். அங்கே சவாரி கிடையாது. அவன் பெண்டாட்டி லைசென்ஸ் எடுத்து, அவன் வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். ராஜா அண்ணாமலைபுரத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பெண்களையும் இறக்கிவிட்டு, எட்டரை மணிக்கு எங்கள் வரிசையின் கடைசியில் வண்டியை நிறுத்துவாள். ஸ்டாண்டில் இடம் கிடைத்தால்தான் அந்தப் பிள்ளைகளின் படிப்பு நடக்கும்.

எங்கள் ஆட்கள் விடவில்லை. நான்கு பேர் சேர்ந்து வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவார்கள். அவள் இறங்க மாட்டாள். உள்ளே உட்கார்ந்தபடி ஹேண்டில்பாரைத் திருப்பிக் கொடுப்பாள்.

"நல்லா தள்ளுண்ணே. வண்டிக்கு கேஸு மிச்சம்."

"வாயப் பாரு! போய் வூட்ல சோறாக்கு."

"ஆக்கி வச்சுட்டுதாண்ணே வந்துகீறேன். நீ துன்னியா?"

தள்ளி முடித்ததும் இறங்கி, ஒற்றை ஆளாக வண்டியைத் திரும்ப வரிசைக்குத் தள்ளிக்கொண்டு வருவாள். ஆடி மாதம் முழுக்க இதே கதைதான். ஆவணியிலும் இதே கதைதான். ஒருநாள்கூட அவள் வராமல் இருந்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. பிள்ளையார் முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்கின வண்டி எங்கள் ஸ்டாண்டு வண்டி. அதை அப்புறம் யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது. இது நான் வைத்த சட்டம். பழம் வாங்குவதும் தலைவன் என்கிற முறையில் என் வேலை. பதினாலு வண்டி, வண்டிக்கு மூன்று சக்கரம், நாற்பத்திரண்டு பழம். அந்த வருஷம் நான் நாற்பத்தைந்து வாங்கினேன்.

சக்கரத்துக்கெல்லாம் பழம் வைத்த பிறகு ஒருவன் தட்டைப் பார்த்தான்.

"இன்னா தலீவரே, மூணு பழம் மீதி கீது?"

"கீதுன்னா கீது. நான் மூணாங்கிளாஸு. எனக்குத் தெரிஞ்ச கணக்கு இதான்."

அவள் வந்து அந்த மூன்றையும் எடுத்துத் தன் சக்கரங்களின் கீழ் வைத்தாள். நான்கு பேர் வண்டிக்கு முன்னால் போய் நின்றார்கள். அவள் ஸ்டார்ட் செய்தாள்.

"நவுருங்கண்ணே. நசுங்க வேண்டியது பழம், உங்க காலு இல்ல."

நகர்ந்தார்கள். பழம் நசுங்கியது. இன்று பெரியவள் காலேஜ் போகிறாள்.

போன மாதம் அடையாறில் ஒரு விழாவில் அவளுக்குச் சால்வை போட்டார்கள். நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தள்ளின கதையைச் சொன்னாள், பழம் வைத்ததையும் சொன்னாள். பழம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன்.

"பழம் யாரும்மா வாங்கினது?"

"நீதான் நைனா." சிரித்தாள். "ஆனா மொத நாளு தள்ளுன நாலு பேர்ல நீயும் ஒருத்தன். அதையும் சேத்து மைக்ல சொல்ட்டா?"

உண்மைதான். வண்டியின் இடதுபக்கக் கம்பியைப் பிடித்துத் தள்ளியது நான். அதையும் சொல்லட்டும், எனக்கு வெட்கமில்லை. ஆனால் அடுத்த மேடையில் அந்த மூன்று பழத்தையும் நான்தான் வாங்கினேன் என்று அவள் சொல்லியே ஆக வேண்டும்.