காலி டப்பாவின் எடை

என் அண்ணனுக்கு லாரி எடைமேடையில் வேலை. பாரத்தோடு வரும் லாரியை ஒரு தடவை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை எடை போட்டு, கழித்து எழுதித் தர வேண்டும். இருபது வருடமாக இதையே செய்ததில், உலகத்தில் எதையும் எடை போட்டே கண்டுபிடித்துவிடலாம் என்ற நினைப்பு அவருக்கு. அந்த நினைப்பில் மண் விழுந்தது மகள் விஷயத்தில்தான்.

பதினான்கு வயது. வகுப்பில் யாரோ அவள் உடம்பைக் கேலி செய்ததில் தொடங்கியது. ஆறே மாதத்தில் சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் அளவுக்கு வந்துவிட்டது. கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறியது. முப்பத்திரண்டு கிலோவுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்குவழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஆசையாகப் பார்க்கிற சாப்பாடு ஏதாவது உண்டா என்றும் கேட்டார். ஜப்பான் கார்ட்டூனில் வரும் பென்டோ என்கிற சாப்பாட்டு டப்பாவை அவள் வாய் பிளந்து பார்த்த காலம் அண்ணனுக்கு ஞாபகம் வந்தது.

அண்ணி பஸ் கண்டக்டர், விடிவதற்குள் டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார். எனவே அடுப்படி அண்ணன் கைக்கு வந்தது. வெந்நீர் வைக்கத் தெரியாத ஆள், ஒட்டுகிற அரிசியை வேகவைத்து, உப்புத் தண்ணீரில் கையை நனைத்து, சோற்றை முக்கோண உருண்டையாகப் பிடித்து, கடற்பாசித் தாளைச் சுற்றினார். முட்டையை மெல்லிசாக ஊற்றிச் சுருட்டி, மறுபடி ஊற்றிச் சுருட்டினார். கேரட்டில் பூ வெட்டுகிறேன் என்று விரலை வெட்டிக்கொண்டார். சூட்டோடு மூடினால் மூடி வியர்த்துச் சோறு கெட்டுவிடும். அதனால் டப்பாவை ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு, பள்ளி நேரம் நெருங்க நெருங்கத் தவித்துக்கொண்டு நிற்பார். முதல் நாள் உருண்டையைப் பார்த்து, இதை ஏற்றவே ஒரு லாரி வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

காலையில் டப்பாவைத் தராசில் வைத்துக் காலண்டரில் எழுதுவார். மாலையில் அது காலியாக வந்தது. மூன்று வாரமும் காலியாகவே வந்தது. தினமும் மாடியில் இருக்கும் என் அறைக்கு ஏறி வந்து திறந்து காட்டுவார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை டாக்டரிடம் போனோம். தராசு முப்பத்துமூன்று காட்டியது. டாக்டரும் நானும் சந்தோஷப்பட்டோம். அண்ணன் மட்டும் மகளுடைய ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பை கனத்துத் தொங்கியது. சீட்டுக்கு அடியில் கல்லை ஒளித்துவைத்து எடை ஏற்றிய டிரைவரைப் பிடித்த கதையை வீட்டில் நூறு முறை சொன்னவர் அவர். மெதுவாகப் பைக்குள் கைவிட்டு, ஒவ்வொரு கல்லாக எடுத்து மேஜையில் வைத்தார். மறுபடி ஏறி நின்றாள். முப்பத்தொன்று. திங்கட்கிழமை படுக்கை காலியாகும், அழைத்து வந்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும், சோறெல்லாம் எங்கே போனது என்று அண்ணன் கேட்டார். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குப்பைத்தொட்டியில் கொட்டினாளாம்.

"காலி டப்பாவப் பாத்தா மட்டும்தாம்ப்பா நீ சிரிக்கிற," என்றாள்.

மகளை எடை போடாமல் மூன்று வாரம் டப்பாவை எடை போட்டிருக்கிறார் இந்த மனுஷன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கைதட்டியிருக்கிறேன்.

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "நாளைக்கும் கட்டித் தரேன். முடியலன்னா அப்படியே கொண்டு வாம்மா. எடை போட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை மாலை வழக்கம்போல மாடியேறி வந்தார். டப்பாவைத் திறந்தார். முட்டைச் சுருள், கேரட் பூ, மூன்று உருண்டை, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. போச்சு என்று நினைத்தேன். அவர் ஓர் உருண்டையைத் திருப்பிக் காட்டினார். ஒரு மூலையில் பல் பதிந்திருந்தது. ஒரு சின்னக் கடி.

"இது நெஜம்டா," என்று சொல்லி, என் கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும் பையில் அந்த டப்பாவையும் எடுத்து வைத்தோம்.