உவர்மலை மாமா தொப்பி கழற்றிய பின்னேரம்

எங்கள் ஊர்ப் பாட்டுக்கு வரலாறு எழுதி ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். மச்சாள் ஒருத்தி அனுப்பியிருந்தாள். நல்ல வழவழப்பான தாள். ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படாத தாள்.

மலர் சொல்கிறபடி எங்கள் பாட்டு கடல்வழியாக வந்தது. முதலில் போர்த்துக்கேயன் மெட்டைக் கொண்டுவந்து இறக்கினான். பிறகு வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போகும்போது ஒரு கிற்றாரை மறந்துவிட்டுப் போனான். அதைத் துறைமுகத்து ஆண்கள் கையில் எடுத்தார்கள். அவர்களுக்குள் இரண்டு சிங்கங்கள் தோன்றின. ஒரு சிங்கம் என் சித்தப்பா. மற்றச் சிங்கம் உவர்மலை மாமா. இருவரும் கலியாணப் பந்தல்களில் பைலா என்ற அந்தத் துள்ளல் மெட்டில் கவி கட்டி மோதிய காலம் திருகோணமலையின் பொற்காலம். அந்தக் காலத்தின் உச்சமாக ஒரு காட்சியையும் எழுதியிருக்கிறார்கள்: பாலையூற்றுக் கலியாணம் ஒன்றில் உவர்மலைச் சிங்கம் தோல்வியை ஒப்புக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, என் சித்தப்பாவுக்குத் தலைவணங்கியது.

தொப்பி கழன்றது உண்மை. நான் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்துக் கழன்றது என்பதில்தான் மலருக்கும் எனக்கும் சிறு பிணக்கு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரியப்பாவின் மகளுக்குக் கலியாணம். பாலையூற்றுக் கோயிலில் காலையில் மோதிரம் மாற்றி, பெரியப்பா வீட்டு முற்றத்துப் பந்தலில் மத்தியானம் சாப்பாடு முடிந்து, பின்னேர வெயில் ஓலைக்குள்ளால் புள்ளி புள்ளியாய்ச் சனத்தின் தலையில் விழுந்துகொண்டிருந்த நேரம். பெண்பகுதிக்குச் சித்தப்பா, மாப்பிள்ளைபகுதிக்கு உவர்மலை மாமா. ஆளுக்கொரு கதிரை, நடுவில் ஒரு மேளம். ஒருவர் கவியில் கேள்வி போடுவார். பந்தல் முழுக்கக் கைதட்டி எடுப்பை, எல்லோருக்கும் தெரிந்த பல்லவியை, மூன்றுதரம் பாடும். மூன்றாம் தரம் முடிவதற்குள் மற்றவர் கவியில் பதில் சொல்லவேண்டும். வாய் வராவிட்டால் தோல்வி. சட்டம் அவ்வளவுதான். நாட்டின் சட்டங்களைவிட அதை எல்லோரும் மதித்தார்கள்.

சித்தப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். கப்பல் வயிற்றிலிருந்து மூட்டைகளை வானத்தில் ஊஞ்சலாட்டி இறக்குகிறவர். குரலும் அப்படித்தான்: எடுத்தால் உயரத்துக்குப் போய் ஆடி ஆடி இறங்கும். ஆனால் அவருக்குப் பொல்லாத ஞாபகமறதி. சந்தைக்குப் போனால் வெங்காயம் வாங்கப் போனவர் விளக்குமாறு வாங்கிக்கொண்டு வருவார். ஆகையால் சித்தி எதற்கும் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பா. கலண்டர்த் தாளைக் கிழித்து, கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவி, இரண்டு விநாடியில் எழுதி முடித்து, பென்சிலைத் திரும்பக் கொண்டைக்குள் அனுப்பிவிடுவா.

பாட்டுக்கும் அப்படித்தான். சித்தப்பா கவியை மறந்துபோனால் சித்தி ஞாபகப்படுத்தித் துண்டு அனுப்புகிறா என்று நான் நம்பினேன். சந்தைத் துண்டைச் சித்தப்பாவே கொண்டுபோவார். பாட்டுத் துண்டை நான் கொண்டுபோவேன். வித்தியாசம் அவ்வளவுதான். சித்தப்பா செருமிக்கொண்டு, "தொண்டை காயுது பிள்ளை, ஏதாவது கொண்டா," என்றால் நான் குசினிக்கு ஓடவேண்டும். சித்தி பீங்கானில் வாழையிலை விரித்து, இலைக்கு மேலே துண்டை வைத்து, துண்டை மறைத்து, மாவுக்குள் கறி வைத்து மடித்துப் பொரித்த பற்றிஸ் அடுக்கித் தருவா. தொண்டை காய்கிறவருக்கு ஏன் தண்ணீர் கொடுக்காமல் பற்றிஸ் கொடுக்கிறோம் என்று பந்தலில் ஒருவரும் கேட்டதில்லை.

சித்தி மூதூர்ப் பெண். கலியாணம் முடிந்து ஒரு றங்குப்பெட்டியோடு, குடாவைக் கடந்து மூதூர் லோஞ்சிப் படகில் வந்து இறங்கியவ. வயல் வெட்டுக் காலத்தில் அந்தப் பக்கத்துப் பெண்கள் வரப்புக்கு வரப்பு கவியால் கதைப்பார்கள், ஒருத்தி கேட்க ஒருத்தி மடக்குவாள், பக்கத்து வீட்டு ஆச்சிமார், தாத்தா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அக்காமார் எல்லோரும் அதில் பொல்லாத ஆட்கள் என்று மாவைக் குழைத்துக்கொண்டே சொல்லுவா. மலரில் போர்த்துக்கேயனுடைய கப்பல் இருக்கிறது. மூதூர் லோஞ்சி இல்லை.

அன்றைக்குப் போட்டி தொடங்கமுதலே சித்தப்பா வாயைக் கொடுத்துவிட்டார். உவர்மலை மாமா சுங்கப் படகு ஓட்டுகிறவர். எந்த வெயிலிலும் எந்த நிழலிலும் ஒரு சாம்பல் தொப்பி. கோயிலுக்குள் மட்டும் கழற்றுவார். அவர் வந்து கதிரையில் சாய்ந்து, "என்ன மச்சான், இண்டைக்கும் செருமல்தானோ?" என்று சிரித்தார். சனமும் சிரித்தது. சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கட வீட்டுப் பந்தலில நான் தோத்தால், இந்தக் கிற்றாரை முகட்டில தொங்கவிடுவன். பிறகு செத்தாலும் இறக்கமாட்டன். மாதா அறிய!"

மாதாவை இழுத்தபடியால் பேச்சை மீளப்பெற ஏலாது. குசினி யன்னலுக்குள் சித்தி பற்றிஸ் ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்திக்கொண்டிருந்தா. கை நின்றது.

"இவருக்கு வாய்தான் முன்னுக்கு," என்றா. பிறகு மாவைப் பார்த்துக்கொண்டு, "கிற்றாரை மட்டுமே தொங்கவிடப் போறார்?" என்றா. வேறு எதைத் தொங்கவிட முடியும் என்று நான் முகட்டைப் பார்த்தேன். கருவாட்டுக் கூடை ஒன்றுதான் தொங்கியது.

முதல் சுற்றுகள் சமனாகப் போயின. நான் மூன்றுதரம் ஓடினேன். பிறகு உவர்மலை மாமா கதிரையை முன்னுக்கு இழுத்தார். தொப்பியைச் சற்றே பின்னுக்குத் தள்ளினார். எடுத்தார்:

*ஆயிரம் கப்பல் வரும், அந்தியிலே திரும்பிவிடும்,*
*பாயிரம் பாடாமல் பதில்சொல்லு மச்சானே!*
*போகாமல் நிக்கிற கப்பல் எந்தக் கப்பலடா?*
*ஆகாயம் பாராமல் அதைச்சொல்லு மச்சானே!*

சித்தப்பா ஆகாயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தல் வெடித்துச் சிரித்தது. எடுப்புத் தொடங்கிவிட்டது. சித்தப்பா செருமினார். நான் ஏற்கெனவே குசினிக்குள் நின்றேன்.

சித்தி எழுதியதை நான் பார்த்தேன். அடுப்பைப் பார்த்தா, புகை முகட்டால் போவதைப் பார்த்தா, கையிலிருந்த அகப்பையைப் பார்த்தா. பென்சில் ஓடியது. "ஓடு பிள்ளை, சித்தப்பாட்டக் குடு!"

ஓடினேன். பந்தல் வாசலில் அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினா.

"எங்கையடி ஓடுறாய்? எங்கட ஆக்களுக்கு முதல் குடுக்கிறதோ? மாப்பிள்ளைபகுதி வாயைப் பாத்துக்கொண்டிருக்குது. வந்த ஆக்களுக்கு முதல் நீட்டு. மரியாதை தெரியாத பிள்ளை!"

எங்கள் வீட்டில் பத்துக் கட்டளைகளுக்கு மேல் பதினோராவது அது. பெண்வீட்டார் மாப்பிள்ளைவீட்டாருக்கு முன் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. அம்மாவின் கண் முதுகில் குத்திக்கொண்டிருக்க நான் பீங்கானை உவர்மலை மாமாவிடம் நீட்டினேன். மேலே இருக்கிற ஒன்றை எடுப்பார், மிச்சத்தைச் சித்தப்பாவிடம் கொண்டுபோகலாம் என்பது என் கணக்கு. அவரோ நல்லாய்ப் பொரிந்தது வேண்டுமென்று அடியில் கைவிட்டு ஒன்றை இழுத்தார். எண்ணெயில் ஒட்டிக்கொண்டு துண்டும் கூடவே வந்தது.

அவர் அதைப் பிரித்துப் பார்த்தார். எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட தாள். வெயிலில் பிடித்து வாசித்தார். என்னைப் பார்த்தார். நான் வந்த வழியைப் பார்த்தார். குசினி யன்னலில் அவர் கண் போய் நின்றது. எடுப்பு இரண்டாம் தரம் போய்க்கொண்டிருந்தது. கிற்றார் முகட்டில் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் தொங்குவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மூன்றாம் எடுப்பு முடிந்தது. சித்தப்பாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உவர்மலை மாமா எழும்பினார்.

"மச்சானுக்குத் தொண்டை காய்ஞ்சு போச்சு. என்ர கேள்விக்கு நானே பதில் சொல்லட்டோ?"

*அடுப்படிதான் கப்பல் மச்சான், அகப்பை அதன் துடுப்பு,*
*முகட்டாலே புகைகிளம்பும், மூட்டிவைச்ச நெருப்பு,*
*பத்துச்சட்டி பானையோட பாரமேத்தி நிக்கும்,*
*எத்தனைபேர் வந்தாலும் ஏத்திக்கொண்டு நிக்கும்!*

பந்தலின் ஓலை பறந்துவிடும் போலிருந்தது. பெண்கள் பக்கம்தான் கூடச் சத்தம். கேள்வி போட்டவரே பதிலும் பாடினால் தோல்வி இன்னும் முடிவாகாது; சித்தப்பாவுக்கு ஒரு வழி மிச்சம். பதிலை மடக்கி இன்னொரு கவி. எடுப்பு மூன்றுதரம். நான் ஓடியதில் பந்தற்காலில் முழங்கை அடிபட்டது.

"சித்தி, அவர் எடுத்திட்டார்! நான் குடுக்கேல்லை, ஒட்டிக்கொண்டு போட்டுது! அம்மாதான் சொன்னவ..."

அடி விழும் என்று நினைத்தேன். சித்தி யன்னலோடு ஒட்டி நின்றா. மற்றவர் வாயில் தன் கவி வெளியே போய், ஒரு பந்தல் சனத்தின் வாய்க்குள் ஏறி, திரும்பவும் எடுப்போடு கலந்து யன்னலுக்குள் வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றா. முகத்தில் கோபமே இல்லை. பொரிந்த பற்றிஸ் எண்ணெயில் மிதந்து மேலே வருமே, அப்படி ஒரு சிரிப்பு மெல்ல மேலே வந்தது.

"குரல் நல்லாத்தான் கிடக்கு," என்றா.

"சித்தி! இரண்டாம் எடுப்பு!"

"பொறு பிள்ளை. நான் சொன்னதை நானே மடக்கவேணும். லேசான வேலையே?"

பென்சில் வந்தது. இந்தத் தரம் பீங்கானும் இல்லை, பற்றிஸும் இல்லை. துண்டை என் உள்ளங்கைக்குள் வைத்து மூடினா. நான் அம்மா நின்ற பக்கம் போகாமல், மேளகாரனுக்குப் பின்னால் சுற்றிப் போய்ச் சித்தப்பாவின் கிற்றாருக்குக் கீழே கையை நீட்டினேன். அவர் குனிந்து நரம்பு முறுக்குவது போல வாசித்தார். எடுத்தார். பாரந்தூக்கி உயர்ந்தது:

*கப்பலேறி வந்தவரே, மாலுமியைக் கண்டீரோ?*
*சுக்கான் பிடிச்சகையை ஒருதரமும் கண்டீரோ?*
*பற்றிஸும் அங்கே வெந்தது, பாட்டும் அங்கே வெந்தது,*
*சுட்டசூட்டில் தின்றவர்க்கு ருசிமட்டும் தெரிஞ்சது!*

உவர்மலை மாமாவின் கையில் பாதி பற்றிஸ் இருந்தது. சனம் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தது. 'தின்றவர்' அவர்தான் என்று எல்லோருக்கும் விளங்கியது. சித்தப்பாவுக்கும் அப்படித்தான் விளங்கியது. நெஞ்சை நிமிர்த்தி, கடைசி அடியை இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் பாடினார். கொஞ்சமும் சந்தேகப்படாமல் பாடினார்.

உவர்மலை மாமா சிரிக்கவில்லை. மிச்சப் பற்றிஸை வாயில் போட்டுக்கொண்டு, விரலைத் துடைத்து, எழும்பி நின்று தொப்பியைக் கழற்றினார். கோயிலில் கழற்றுகிற மாதிரி, இரண்டு கையாலும். சித்தப்பா அவருக்கு நேரே இருந்தார். சித்தப்பாவின் தோளுக்கு மேலால் குசினி யன்னலும் நேரே இருந்தது. சித்தப்பா பெருந்தன்மையோடு தலையசைத்தார். யன்னலுக்குள் சித்தி பென்சிலைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு, கருகப்போன பற்றிஸை வடித்தெடுக்கப் போய்விட்டா.

இதுதான் மலரில் வந்த காட்சி.

கிற்றார் முகட்டுக்குப் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். பிறகு ஒரு மாறுதல் வந்தது. உவர்மலை மாமா சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வரத் தொடங்கினார். சித்தப்பா வேலைக்குப் போன நேரம். கையில் ஒரு கோர்வை விளைமீனோ ஒரு பாரையோ இருக்கும். உள்ளே வரமாட்டார். படலையடியில் நின்று, "தங்கச்சி, மீன்," என்பார். சித்தி வாழையிலையில் கட்டிய பற்றிஸ் பொட்டலத்தை என்னிடம் தந்து கொடுக்கச் சொல்லுவா. அவர் தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டு போவார். சுங்கத்தில் வேலை செய்கிற மனிதருக்கு எவ்வளவு பற்றிஸ் ஆசை என்று நான் நினைத்தேன். ஒருமுறை பொட்டலம் அவிழ்ந்து உள்ளே கலண்டர்த் தாள் தெரிந்தது. எண்ணெய் உறிஞ்சத்தான் வைத்திருக்கிறா என்று திரும்பக் கட்டிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பந்தல்களில் போட்டி சூடு பிடித்தது. முன்பு சித்தப்பாவுக்கு நாலு வெற்றி என்றால் அவருக்கு ஒன்று. இப்போது ஒருமுறை இவர், ஒருமுறை அவர். கேள்விக்கேற்ற பதில், பதிலுக்கேற்ற மடக்கு. இரண்டு வாய்க்கும் ஒரே மூச்சு போல. தம்பலகாமத்திலிருந்தும் கப்பல்துறையிலிருந்தும் சனம் வந்தது. ஊரே இரண்டாகப் பிரிந்தது. நான் உயிரைக் கொடுத்துச் சித்தப்பா பக்கம் நின்றேன். உவர்மலை மாமாவின் மகளோடு பள்ளிக்கூடத்தில் கதைக்காமல்கூட இருந்தேன்.

அடுத்த பெரிய கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தி, மத்தியானம், சித்தி குசினியில் மா உருட்டிக்கொண்டிருந்தா. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சித்தி, இந்தமுறை ஆர் வெல்லுவினம்?"

சித்தி மாக்கையோடு பென்சிலை உருவி, அதன் முனையைப் பார்த்தா.

"இன்னும் யோசிக்கேல்லைப் பிள்ளை."

இதில் சித்தி யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சித்தப்பா வெல்லவேண்டுமென்று இன்னொரு மெழுகுதிரி கொளுத்தக் கோயிலுக்கு ஓடினேன்.