மிச்சம் உன் ஆயுசில்

அல்மெதினா எங்கள் வீட்டுக்குக் குடிவந்த அன்று மாலை, கீழே ஷெஹாத்தா கடையில் போய் ரொட்டி கேட்டாள்.

"ஐயா, எனக்கு ஐந்து ரொட்டிகள் தருவீர்களா? அவை இன்று சுடப்பட்டவையாக இருத்தல் வேண்டும்."

ஷெஹாத்தா கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு, பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என்னை அண்ணாந்து பார்த்தார்.

"ஹாஸிம் அம்மா! யாரு இது? ரேடியோவுல செய்தி வாசிக்கிறவங்களா?"

"நம்ம வீட்ல ரூமுக்கு வந்திருக்கிற பொண்ணு. போஸ்னியாக்காரி, அரபு படிக்க வந்திருக்கா. சிரிக்காம குடுங்க."

"சிரிக்கலையே. எழுந்து நின்னு குடுக்கணுமான்னுதான் யோசிக்கிறேன்."

அன்றிலிருந்து அவருக்கு அவள் 'டாக்டரம்மா' ஆகிவிட்டாள்.

அவள் ஆறு வருஷம் தன் ஊரில் புத்தகத்தை வைத்து அரபு கற்றவள். இலக்கணத்தில் அவளை அசைக்க முடியாது. ஆனால் அந்த மொழியை கெய்ரோவில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்திலும் செய்தித்தாளிலும்தான் பார்க்கலாம். அடுப்பங்கரையிலோ பஸ்ஸிலோ யாரும் அப்படிப் பேசுவதில்லை. நாங்கள் பேசுவது அவளுக்குப் பாதி புரியாது. புரியாதபோது சிரித்து, "மிக்க நன்றி" என்பாள். அந்தப் பழக்கம் என் கண்ணில் தினமும் பட்டது. அதை நான் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

என் கணவர் போன பிறகு, மகன் ஹாஸிமும் வேலைக்கென்று குவைத்துக்குப் போய்விட, அவன் அறை சும்மா கிடந்தது. அதைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். விடிவதற்கு முன்பே எழுந்து சத்தமாகப் பாடம் ஒப்பிப்பாள். தன் ஊரிலிருந்து கொண்டுவந்த சின்னச் செம்புக் கிண்டியில் காபி போட்டு எனக்கும் ஒரு வாய் தருவாள். கயிறு கட்டிய கூடையைப் பால்கனியிலிருந்து இறக்கி, அவித்த பயறும் ரொட்டியும் வாங்கப் பழகிக்கொண்டாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் சண்டை. நான் வெக்கை தாங்காமல் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பேன். அவள் ஓடிவந்து ஒன்றை மூடுவாள்.

"குறுக்கே வீசும் காற்று கழுத்தைப் பிடிக்கும், அம்மையே. எங்கள் ஊரில் இதனால் நோயுற்றோர் பலர்."

"எங்க ஊர்ல காத்து இல்லாமதான்டி நோய் வருது. திற!"

வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டுத் தொலைபேசி அவளுக்காக அடிக்கும். அவள் அப்பா அவர்கள் ஊரான ஸெனிட்சாவில் இரும்பு உருக்கும் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. இவளை இங்கே அனுப்பியதே அவர்தான். அவர் பேசுவதைவிட இருமுவதுதான் எனக்கு அதிகம் கேட்கும். அந்த வருஷம் வசந்தத்திலேயே ஊருக்குப் போய்விட நினைத்தாள். கடைசி வாய்மொழிப் பரீட்சை ஜூனில். அதை விட்டால் ஒரு வருஷம் வீண். மே மாதத்தில் ஒருநாள் போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள்:

"'தேர்வை முடித்துவிட்டு வா, நான் எங்கும் செல்லமாட்டேன்' என்று தந்தை கூறினார்."

அதற்குப் பிறகு காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டு வந்தாள்.

பரீட்சை அன்று காலை ஏழு மணிக்கு ஃபிக்ரெத் கதவைத் தட்டினான். போஸ்னியா மாணவர்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி இருந்தவன், ஐந்து வருஷத்தில் எங்களைப் போலவே பேசப் பழகியவன். வாசலிலேயே நின்றான். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"அவ எங்கம்மா?"

"குளிக்கிறா. யாரு, அப்பாவா?"

"விடியறப்போ. அவ தம்பி எங்க விடுதிக்குப் போன் பண்ணான். தனியா இருக்கிறப்போ அவ காதுல விழ வேணாம்னு இங்க பண்ணலையாம். நீங்களே சொல்லிடுங்கம்மா, என் வாயால வராது. நான் டிக்கெட் ஆபீசுக்கு ஓடறேன். பத்து மணிக்குள்ள அவள என்கிட்ட அனுப்புங்க. ரெண்டு மணிக்கு விமானம். நாளைக்கு மதியத் தொழுகை முடிஞ்சு அடக்கம். இதுல போனா முகத்தைப் பாத்துடலாம். அடுத்தது நாளை மறுநாள்தான்."

அவன் போனதும் கூடையை இறக்கி, ஷெஹாத்தாவிடம் விஷயத்தைச் சொல்லிக் காபித்தூள் கேட்டேன். எதிர்வீட்டு நகாத்திடமும் சொன்னேன். அல்மெதினா தலையில் முக்காட்டைச் சரிசெய்தபடி, தோளில் பையுடன் அறையிலிருந்து வந்தாள்.

எங்கள் ஊரில் 'செத்துப்போனார்' என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். போனவர் வாழாமல் விட்ட மிச்ச நாட்களை இருப்பவருக்குக் கொடுத்துவிடுவோம். அதைக் கேட்டதும் சின்னக் குழந்தைக்கும் விஷயம் விளங்கிவிடும். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

"மிச்சம் உன் ஆயுசுல சேரட்டும், கண்ணு."

அவளும் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் முத்தமிட்டாள்.

"மிக்க நன்றி, அம்மையே. தங்கள் ஆயுளிலும் அவ்வாறே சேரட்டும்."

இதற்குச் சொல்லவேண்டிய பதிலும் ஏறக்குறைய இதுதான். அதுதான் என்னை ஏமாற்றியது.

"ஃபிக்ரெத் உனக்காகக் காத்திருக்கான். சீக்கிரம் போ."

"அறிவேன். இதோ செல்கிறேன்."

பரீட்சை நாட்களில் ஃபிக்ரெத் பஸ் நிறுத்தத்தில் நின்று பெண்களை ஏற்றிவிடுவது வழக்கம் என்பது எனக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலாவது அவள் திகைத்து நின்றிருப்பாள்.

படியில் நகாத் அதையே சொன்னாள். கீழே ஷெஹாத்தா கல்லாவை விட்டு எழுந்து வந்து, கையை நெஞ்சில் வைத்துச் சொன்னார். எல்லோருக்கும் அவள் முகம் மலர நன்றி சொல்லிவிட்டு, கிட்டத்தட்ட ஓட்டமாகத் தெருமுனையைத் திரும்பினாள். ஷெஹாத்தா மேலே என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார்.

"கல்லு மனசு இதுக்கு," என்றாள் நகாத். "கண்ணுல ஒரு சொட்டு இல்ல. பல்லைக் காட்டிட்டுப் போகுது!"

"சும்மா இரு. போரைப் பாத்து வளந்த பொண்ணு. அழுகையெல்லாம் அங்கயே தீந்து போயிருக்கும்."

அப்படித்தான் சொன்னேன். நம்பியும் சொன்னேன்.

ஒரு மணிக்கு ஃபிக்ரெத் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அவள ஏம்மா அனுப்பல? பத்து மணியிலேருந்து போன் பண்றேன், லைனே கிடைக்கல."

"எட்டு மணிக்கே கிளம்பிட்டாளே!"

"என்னம்மா சொன்னீங்க அவகிட்ட? எந்த வார்த்தையில சொன்னீங்க?"

நான் சொன்னேன். அவன் சுவரில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "அது எந்தப் புத்தகத்துலயும் இல்லம்மா. எனக்கே மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்," என்றான். பிறகு கல்லூரிக்கு ஓடினான். போகிற வழியிலேயே மணி இரண்டு ஆகியிருக்கும்.

இருவரும் வழியில் ஒருவரையொருவர் தவறவிட்டிருக்கிறார்கள். நாலரை மணிக்கு அவள் தனியாகத்தான் வந்தாள். கூடத்தில் கட்டடத்துப் பெண்கள் கறுப்பு உடுத்தி, துக்கத்துக்கென்று சர்க்கரை போடாத காபியுடன் உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் ஒரு பெரிய தட்டு, முழுக்கப் பாகில் ஊறிய ரவை பஸ்பூஸா.

"மிகச் சிறப்பாகத் தேர்ச்சி பெற்றேன்!" என்றாள் வாசலில் நின்றே. "பேராசிரியர் என்னை இருமுறை பாராட்டினார். எல்லாம் உங்கள் வாழ்த்துதான். காலையில் தெருவே என்னை வாழ்த்தியது."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், கறுப்பு உடைகளைப் பார்த்தாள், காபிக் கோப்பைகளைப் பார்த்தாள். தட்டை மெல்ல மேஜையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மையே, என்னை மன்னியுங்கள், நான் அறியவில்லை. தங்கள் உறவினர் எவரேனும் இறந்துவிட்டாரா?"

அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வந்துவிட்டாள்.

என் பேச்சில் எதைச் சொன்னாலும் மறுபடி நன்றி சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். பிரசங்கத்தில் கேட்டதையும் ரேடியோவில் கேட்டதையும் ஒட்டுப்போட்டு, பிறந்ததிலிருந்து நான் பேசியிராத மொழியில் சொன்னேன்.

"மகளே, உன் தந்தை இறந்துவிட்டார். இன்று விடியற்காலையில்."

சொல்லின் முடிவை எங்கோ தப்பாக உச்சரித்தேன் என்று எனக்கே தெரிந்தது. ரேடியோவில் வருகிற பிழையைக்கூடத் திருத்துகிறவள் திருத்தவில்லை.

"காலையில் தாங்கள் கூறியது?" என்று கேட்டாள்.

"அதுதான் இது."

"விமானம்?"

"ரெண்டு மணிக்குப் போயிடுச்சு, கண்ணு."

இது புரிந்தது. அப்போதுதான் அழுதாள். நகாத்தான் முதலில் எழுந்துபோய் அவளைப் பிடித்துக்கொண்டாள். பஸ்பூஸாவை யாரும் தொடவில்லை. நான் ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

மறுநாள் மதியம் அவள் சமையலறையில் என் சுவர்க்கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஸெனிட்சாவில் நேரம் எங்களைவிட ஒரு மணி பின்னே. இங்கே இரண்டரை ஆனபோது, "இப்போது இறக்குகிறார்கள்," என்று மட்டும் சொன்னாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு ஜன்னலும் திறந்துதான் கிடந்தன. அவள் எழுந்து மூடவில்லை.

மூன்று மணிவாக்கில் ஷெஹாத்தா கடையை அடைத்துவிட்டுப் படியேறி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, தலை குனிந்து நின்றார். சொல்வதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்.

"மிச்சம் உங்க ஆயுசுல சேரட்டும், டாக்டரம்மா."

அல்மெதினா எழுந்து நின்றாள்.

"உங்க ஆயுசுலயும்தான், மாமா," என்றாள்.

சிரிக்கவில்லை, நன்றி சொல்லவில்லை. எங்கள் தெருவில் பிறந்தவள் சொல்கிற மாதிரியே சொன்னாள். ஷெஹாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பைத் தேடினார். நான் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன். முந்தின நாளிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.