இஸ்திரி அறை ரக்பி

ரக்பியை நான் கற்றுக்கொண்டது அழுக்கிலிருந்துதான். கொடைக்கானலில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியின் சலவைப் பகுதியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சட்டையின் தோளில் சேறு அப்பியிருந்தால் அந்தப் பிள்ளை முன்வரிசையில் முட்டித் தள்ளுகிற ஆள். முழங்கையெல்லாம் புல் கறை என்றால் ஓடுகிறவனை விழுந்து பிடிக்கிற ஆள். சட்டை வெளுத்தது வெளுத்தபடி வந்தால், ஓரத்தில் நின்று பந்துக்குக் காத்திருந்து, பந்து வராமலே ஆட்டம் முடிந்த ஆள். மைதானத்தை எட்டிப் பார்க்காமலே ஆட்டத்தைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

அந்தத் திமிருக்குச் சரிசமமான எதிராளிகள் இரண்டு பேர். ஒருவர் பி.டி. சார், பழனிக்காரர். அடிவாரத்தில் அவர்கள் குடும்பத்துக்குப் பூஜைப் பொருள் கடை. எந்தப் போட்டி வந்தாலும் இந்தியா ஜெயிக்கும் என்பார், அதற்கு ஏழு காரணமும் சொல்லுவார். இன்னொருவர் பள்ளி வேன் ஓட்டும் அண்ணன். கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் சனிக்கிழமைகளில் அப்பாவோடு டவுனுக்குக் காய்கறி மூட்டை கொண்டுபோய், மூட்டைகளை மைதானத்து மதிலோரம் அடுக்கி அதன்மேல் ஏறி நின்று ரக்பி பார்த்தவர். எங்கள் மூவரில் சர்வதேச அனுபவம் உள்ளவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் மைதானம் இஸ்திரி அறை. இந்தக் குளிரில் வளாகத்திலேயே சூடான இடம் அதுதான். கஞ்சிப் பசை டப்பாவில் என் போனைச் சாய்த்து வைத்துவிட்டால் மூன்று பேரும் பார்க்கலாம்.

ஆசிய நாடுகளுக்கான எழுவர் ரக்பி வந்தால் வாரக்கணக்கில் வாய்ச்சண்டை நடக்கும்.

"நம்ம பயலுகளுக்கு ஓட்டம் இருக்குல்ல? வெரசா கோட்டத் தாண்டி ரெண்டு ட்ரை போட்டாய்ங்கன்னா எதிராளி மெரண்டுருவான்" என்பார் சார்.

"ஓட்டம் இருக்குங்க சார், பிடி இல்லையே. இலங்கையில பள்ளிக்கூடத்துப் பிள்ளையே தூணைச் சாய்க்கிற மாதிரி சாய்க்கும்" என்பார் அண்ணன்.

"ரெண்டு பேரும் சோலியப் பாருங்க. ஜப்பான் வருது" என்பேன் நான். எனக்கு ஜப்பானின் வரிச் சட்டை பிடிக்கும். கறை தெரியாது.

நாலு வருடத்துக்கு முன் இந்தியாவும் இலங்கையும் மோதின. இலங்கை ஜெயித்ததும் அண்ணன் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். சாருக்கு வந்ததே கோபம். "நாப்பது வருசத்துக்கு மேல இங்கதான சோறு திங்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர் பதினைந்து நாள் அந்தப் பக்கமே வரவில்லை. அண்ணன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சமாதானத்துக்கு வழி சொன்னது நான்தான். வடகவுஞ்சியில் எங்கள் வீட்டில் பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா என்று குழம்பினால் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் போட்டு, வேண்டிக்கொண்டு ஒன்றை எடுப்பது. அப்படியே இங்கும் மூன்று சீட்டில் மூன்று நாடு எழுதி, சீட்டுக்கொரு பூ வைத்து, வாழையிலைத் துண்டில் மடித்து, சுவரில் இருக்கும் முருகன் படத்தின்முன் வைப்பது. எந்த நாடு வருகிறதோ, கடைசி விசில் வரை அதற்குத்தான் கத்தவேண்டும். இதில் அதிகம் மகிழ்ந்தது அண்ணன்தான். முதல் வருடம் அவருக்கு ஜப்பான், அடுத்த வருடம் இந்தியா. தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினார்.

போன வருடம் அவர் ஓய்வு பெறும் வருடம். ஒரு தடவையாவது அவர் இலங்கைக்கு நெஞ்சைத் திறந்து கத்தட்டுமே என்று எனக்குத் தோன்றியது. நல்ல மனசு என்று என்னை நானே மெச்சிக்கொண்டு மூன்று சீட்டிலும் "இலங்கை" என்று எழுதினேன். மூத்தவர் முதலில் எடுத்துப் பிரிப்பார், அந்தச் சத்தத்தில் மற்ற இரண்டையும் அள்ளிக் கசக்கிவிடலாம் என்பது திட்டம்.

அண்ணன் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். முகம் மலர்ந்தது. நான் கை நீட்டுவதற்குள் சார் பொறுக்காமல் இன்னொன்றைப் பிரித்துவிட்டார். "ஏம்மா, எனக்கும் இலங்கையா?" என்று சிரித்துக்கொண்டே மூன்றாவதையும் பிரித்தார்.

நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. சீட்டை மேசைமேல் வைத்து விரலால் நீவிக்கொண்டே பேசினார்.

"இங்க அனுப்புனப்ப எனக்குப் பதினாலு வயசு. அதுக்கு முன்னாடியே இந்தியா, இலங்கை ரெண்டு நாட்டு ஆளுகளும் உக்காந்து, தோட்டத்து ஜனத்துல உனக்கு இத்தன எனக்கு இத்தனன்னு பிரிச்சாங்க. எங்கப்பா கையில ஒரு காயிதத்தக் குடுத்து, நீ அந்தப் பக்கத்து ஆளுன்னாங்க. கோச்சி ரயில்ல ஏத்துனாங்க, கப்பல்ல ஏத்துனாங்க. ஒருத்தரும் எங்களக் கேக்கல. இந்தப் பூவு ஏன் எனக்குப் புடிச்சுச்சு தெரியுமா? இதுல மனுசன் கை இல்ல. இப்ப நீயும் எழுதி வச்சுக் குடுத்துட்டியே தங்கச்சி."

எனக்கு முகம் செத்துவிட்டது. மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் வெளியே போய்விட்டார். சார் பிரித்த சீட்டுகளைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். அன்று சோற்றைச் சொல்லிக் காட்டியது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

இரண்டு நாள் அண்ணன் வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் போட்டி. துணி அடுக்கி முடித்து, போனைச் சாய்த்து வைத்து, நானும் சாரும் திரையைவிட வாசலைத்தான் அதிகம் பார்த்தோம். அவர் வராவிட்டால் இனி இந்த அறையில் ரக்பியே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் போன்முன் வைத்தார். அவர் கையெழுத்து. மலேசியா.

"மலேசியாவா? அது தேறாதுங்களே! எதுக்கு மலேசியா?" என்றார் சார்.

"சும்மாதான். நானா யோசிச்சு எடுத்தேன்."

"அண்ணே, நான் செஞ்சது தப்புதான்" என்றேன்.

"தப்புதான்" என்றார். "டீயப் போடு."

நான் எழுதிய மூன்று இலங்கையையும் நானே வைத்துக்கொள்ளவேண்டும் என்பது சார் விதித்த தண்டனை. அவருக்கு இந்தியா. இலங்கை ஆடும்போது நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அண்ணன் பிஸ்கட் தின்றுகொண்டு, "இன்னும் சத்தமா" என்றார்.

மலேசியா ஆடிய முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதும் தோல்வி. மூன்றாவதில் அடி வாங்கியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுந்து நின்று, துணி அலமாரி அதிரும்படி கத்தினார். கடைசி விசில் ஊதியதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்கு முன் நான் அவரிடம் பார்த்ததில்லை.

"தோத்துப்போச்சேண்ணே" என்றேன்.

"தோக்கட்டும்" என்றார். "நான் எடுத்த டீமு."